மஞ்சள் இமை மேல் நீலம்

சூலூரைத் தாண்டிப் பல்லடம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். வெயில் உச்சியிலிருந்து சற்று இறங்கியிருந்தது. கையில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் இரண்டு சட்டையும் ஒரு லுங்கியும். எதிரே வந்த டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பஸ் கடந்த பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டைவிட்டுப் போகிறவன் முகத்தில் அது எழுதி ஒட்டியிருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டோரத்தில் இருந்த டீக்கடையில் நின்றபோதுதான் காரணம் தெரிந்தது. கடைக்காரர் டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"ஏனுங்க தம்பி, கண்ணுல அடிகிடி பட்டுப்போச்சுங்களா?"

பெஞ்சில் பேப்பரோடு இருந்தவர் அதை மடித்து வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "அடின்னா ரெண்டு கண்ணும் ஒரே நெறமா வீங்கோணுமல்லங்க. இவருக்கு ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை," என்றார். பிறகு என்னிடமே, "நாடகத்துல வேசங் கட்டறவருங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அதுதான் சுலபமான பதில். கடைக்காரர் தொட்டித் தண்ணீரைக் காட்டினார். குனிந்து இரண்டு இமைகளையும் தேய்த்தேன். பாதி போயிற்று. மீதியைப் போக்கக் கடலை எண்ணெய் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். டீக்குக் காசு வாங்கவில்லை. வேஷம் கட்டுகிறவர்களிடம் வாங்குவதில்லையாம்.

என் கண்ணை அப்படி ஆக்கியவள் என் மனைவி. அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மேட்டுப்பாளையத்தில் ஓட்டலில் இலை எடுத்தேன். பொள்ளாச்சியில் தேங்காய் உரித்தேன். திருப்பூர் சாயப்பட்டறையில் எட்டு மாதம், ஈரோட்டில் மஞ்சள் கிடங்கில் ஒரு பருவம். எங்கேயும் யாரும் என்னைத் துரத்தியதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் அந்த ஊர் பிடிக்காது, கிளம்பிவிடுவேன். படுக்க இடம் கிடைக்காத நாளும் உண்டு, சாப்பிடாத நாளும் உண்டு. அதையெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டால் நடக்க முடியாது. சூலூரில் ஒரு விசைத்தறிக் குடோனில் தறி ஓட்டப் போனபோது அங்கே தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவளைக் கட்டிக்கொண்டேன். அந்த ஊரில் மட்டும் இரண்டரை வருஷம் இருந்தேன். எனக்கு அது பெரிய காலம்.

பஞ்சுத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சு இழுத்தது. இந்த வேலையை விட்டால்தான் இழுப்பு நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு என்ன செய்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது ஊருக்குள் ஒரு தையல் கடையின் மாடியில் பெண்களுக்குப் பதினைந்து நாள் அழகுக்கலை வகுப்பு நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் போனாள். துணைக்கு அழைத்தவள் நான்கு நாளில் நின்றுவிட்டாள். இவள் நிற்கவில்லை.

கல்யாண வீடுகளில் அப்போது வீடியோ வந்து நிலைத்துவிட்டிருந்தது. இரண்டு பெரிய விளக்குகளை முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். அந்த வெளிச்சத்தில் வெறும் மை தீட்டிய கண் ஒன்றுமில்லாமல் போய்விடும். அதனால் இமைக்கு நிறம் வேண்டியிருந்தது. வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள், ஆனால் கைக்கு வரும்வரை பழக யாருடைய இமையையும் கொடுக்கவில்லை. என் இமை வீட்டிலேயே இருந்தது.

எங்கள் லைன் வீட்டின் பின்சுவரும் தறிக் குடோனின் சுவரும் ஒன்றுதான். தறி ஓடும்போது வீடே நடுங்கும். அலமாரித் தட்டில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்தில் இமை ஓரமாகக் கோடு இழுக்க முடியாது. ஆகவே கரண்டு போகும்போதுதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். கரண்டு போனால் தறி நிற்கும். தறி நின்றால் நான் சும்மா. முகத்திலும் தலையிலும் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு வருவேன். வாசற்படிக்குப் பக்கத்தில், வெளிச்சம் நேராக விழும் இடத்தில், ஸ்டூலைப் போட்டு வைத்திருப்பாள். மற்ற ஆட்கள் பீடி குடிக்கப் போவார்கள். நான் கண்ணுக்கு நிறம் பூசிக்கொள்ளப் போவேன். "என்னப்பா, இன்னைக்கு நீலமா, ரோஸா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அது வலிக்கவில்லை. வலித்தது வேறு.

அவள் செய்கிற முறையை நான் கண்ணை மூடிக்கொண்டே கற்றேன். முதலில் இமையைப் பஞ்சால் துடைப்பாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பவுடர் மடிப்பில் போய்த் திரளும். அப்புறம் பஞ்சு வைத்த சின்னக் குச்சியால் இளநிறத்தை இமை முழுக்க ஒற்றுவாள். தேய்க்கமாட்டாள், ஒற்றுவாள். கண்ணைப் பாதி திறக்கச் சொல்லி மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்வாள். மறுபடி மூடச் சொல்லி, அந்த மடிப்பில் அடர்நிறத்தை வெளிமூலையிலிருந்து உள்ளே இழுப்பாள். இழுத்த கோடு கோடாகத் தெரியக்கூடாது. சுத்தமான குச்சியால் அதன் மேல்விளிம்பைக் கலைப்பாள். புருவத்துக்கு அடியில் வெள்ளை மினுக்கு ஒரு துளி. கடைசியில் ரோமக்கால் ஓரமாகக் கறுப்புக் கோடு, மூச்சை நிறுத்தி, ஒரே இழுப்பில். அந்த இழுப்பின்போது அவள் சுண்டுவிரல் என் கன்னத்தில் ஊன்றியிருக்கும். முடிந்ததும் இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்று, "இப்ப தெறங்க மாமா," என்பாள்.

திறந்தால் அவள் முகம் எதிரே இருக்கும். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. ஆனால் பார்த்தது என்னையல்ல. என் இமையை. என் இமையின்மேல் எனக்கு வந்த பொறாமையை யாரிடம் சொல்ல முடியும்? பதிமூன்று வயதிலிருந்து வேலை செய்கிறேன், எந்த வேலையையும் அப்படிப் பார்த்ததில்லை. அவளுக்கு ஆறே மாதத்தில் அந்தப் பார்வை வந்துவிட்டது. கைக்கு ஒரு வேலை தெரிந்தவர்களின் பார்வை. அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்று எழுதும்போது இப்படிச் சொல்கிறேன். அன்று தலைவலி என்றுதான் சொன்னேன்.

டவுன்ஹால் பக்கம் ஒரு பேன்ஸி ஸ்டோர் இருந்தது. கோட்டைமேட்டு பாய் ஒருவருடையது. என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். வளையல், ரிப்பன், சாந்து, சென்ட்டு எல்லாம் வைத்திருந்தார். கடையின் உள்கண்ணாடிக்குள் மட்டும் வெளிநாட்டு மேக்கப் டப்பாக்கள். என் மனைவி முதல் முறை போனபோதே, சாமான் வாங்க வந்தவளா, வேலை தெரிந்தவளா என்பதைக் கண்டுகொண்டார். டப்பாவைத் திறந்து, தன் புறங்கையில் ஒவ்வொரு நிறத்தையும் இழுத்துக் காட்டினார். நீலத்தில் மட்டும் ஏழு அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு நீலம் என்றால் நீலம்.

அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். என்னை மாப்பிள்ளை என்றார். எனக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். சண்டை போட ஒரு காரணம்கூடக் கொடுக்கவில்லை. அவர்கள் இருவரும் கண்ணாடி மேஜைமேல் குனிந்து, இந்தப் பவுடர் ஒட்டுமா, அந்தப் பவுடர் வியர்வைக்கு நிற்குமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது நான் டீயைக் குடித்துவிட்டுத் தெருவைப் பார்ப்பேன். தப்பாக ஒன்றும் இல்லை. எனக்கு அது தெரியும். ஒரு ஆணும் பெண்ணும் தப்பு செய்வதைவிட, ஒரே வேலையைப் பற்றி ஒரே ஆசையோடு பேசிக்கொள்வது இன்னும் மோசமாகப்பட்டது. தப்பென்றால் அடிக்கலாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, "அண்ணன் சொல்றாரு" என்றுதான் ஒவ்வொரு பேச்சும் தொடங்கும். நான் ஜன்னல் பக்கம் தூங்குவதுபோல் சாய்ந்துகொள்வேன்.

அந்த அண்ணன் மூலமாகத்தான் ஆர்.எஸ்.புரத்துக் கல்யாணம் வந்தது. தோட்டமும் இரும்பு வார்க்கிற பவுண்டரியும் இருந்த பெரிய குடும்பம். கடைக்கு வளையல் எடுக்க வந்த கல்யாணப் பெண்ணின் அம்மாவிடம் இவள் பெயரைச் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் வீட்டுக்கு வரச்சொல்லிப் பார்த்தார்கள். பெண்ணுக்கு வெள்ளைத்தோல், சோப்பும் பவுடரும் போடுகிற காலேஜ் முகம். ரிசப்ஷன் புடவை ரோஸ், நீலக் கரை. கரைக்குச் சேர்ந்தாற்போல் இமைக்கு நீலம் வைத்து, மடிப்பில் கருநீலம் இழுத்துக் காட்டினாள். பெண் கண்ணாடியை விட்டு நகரவில்லையாம். ரிசப்ஷனுக்கும் மறுநாள் முகூர்த்தத்துக்கும் இவளே என்று முடிவாயிற்று. அந்த வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் பேர் எடுத்துவிட்டால் மற்ற வீடுகள் தானாகக் கூப்பிடும். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன ரூம் எடுத்துப் போர்டு மாட்டிவிடலாம், பஞ்சுத் தூசிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியதில்லை, நெஞ்சு இழுக்காது. இதையெல்லாம் அவள் சோறு போடும்போது சொன்னாள். அந்த ரூமில் நான் என்ன செய்வேன் என்று கேட்டேன்.

"நீங்க பெட்டியத் தூக்கிட்டு வந்தாப் போதுமுங்க மாமா," என்றாள். ஆசையாகத்தான் சொன்னாள்.

ரிசப்ஷன் அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மண்டபத்தின் பின்பக்கம், சமையல்கட்டுக்கும் பெண் அலங்கார அறைக்கும் நடுவே ஒரு வேப்பமரம். அங்கே ஒரு பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார்கள். அவள் உள்ளே போய்ச் சாமான்களை எடுத்து அடுக்கினாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். பெண்ணைச் சொந்தக்காரப் பெண்கள் கூட்டமாக வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். என்னைக் கடந்துதான் அறைக்குள் போனார்கள்.

பந்தக்கால் நட்ட நாளிலிருந்து பெண்ணுக்கு மஞ்சள் பூசியிருக்கிறார்கள். அத்தை ஒரு நாள், சித்தி ஒரு நாள், பெரியம்மா ஒரு நாள் என்று முறை வைத்து. அன்று காலையிலும் பூசிக் குளிக்க வைத்திருக்கிறார்கள். வெயிலில் அந்த முகம் சாமந்திப் பூ மாதிரி இருந்தது. காது மடல், கழுத்து, இமை எல்லாம்.

ஈரோட்டுக் கிடங்கில் எனக்கு ஒரு நீல லுங்கி இருந்தது. மூட்டை சுமக்கும்போது மடித்துக் கட்டிய இடத்தில் மஞ்சள் பொடி இறங்கி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை பச்சையாகிவிட்டது. எத்தனை தோய்த்தும் போகவில்லை. அங்கே யாரும் நீலத்துணி உடுத்தமாட்டார்கள், நான் புதுசு என்பதால் தெரியவில்லை. அந்தப் பெண் என்னைக் கடந்தபோது அந்த லுங்கி ஞாபகம் வந்தது. பேன்கேக் என்கிற அடிப்பூச்சை என் மனைவி முகத்துக்குத்தான் பூசுவாள், இமையை வெறுமையாக விட்டுவிடுவாள். அப்போதுதான் பவுடர் நன்றாகப் பிடிக்கும் என்பது அவள் கணக்கு. உள்ளே மஞ்சள் பல்பு ஒன்றுதான் எரிகிறது, அந்த வெளிச்சத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. என் இமையில் என்றைக்கும் மஞ்சள் இருந்ததில்லை. அவளும் நெஞ்சு இழுப்பு வந்த பிறகு மஞ்சள் பூசுவதை விட்டுவிட்டாள். பேன்ஸி ஸ்டோர்க்காரர் பக்கத்துக் கல்யாணங்களில் மருதாணிதான் பெரிது. இந்த மஞ்சள் அவருக்கும் தோன்றியிருக்காது. ஏழு நீலம் தெரிந்தவருக்குத் தோன்றாதது எனக்குத் தெரிந்திருந்தது.

எழுந்து நான்கு எட்டு வைத்துக் கதவைத் தட்டி, "ஏம்புள்ள, ஒரு நிமிசம் வா," என்று சொன்னால் போதும். எழுந்துகூட விட்டேன். அப்போது உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. பெண்ணிடமோ வேறு யாரிடமோ, இந்த நீலத்தை அண்ணன் எனக்காகவே தனியாக எடுத்து வைத்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு தட்டில் போண்டாவும் சட்னியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஆறரைக்கு மேடையில் விளக்கைப் போட்டார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். இரண்டு இமைகளும் பச்சை. ஒரே பச்சைகூட இல்லை; மஞ்சள் கூடுதலாக இருந்த உள்மூலையில் வெளிர்ந்தும், வெளியே இருண்டும் இருந்தது. மற்றபடி வேலை அருமையான வேலை. மடிப்பு கச்சிதம், கறுப்புக் கோடு கத்தி மாதிரி. அதனாலேயே பச்சை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. மேடைக்கு அருகில் நின்ற ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "கண்ணு பாசி புடிச்சாப்புல இருக்குது," என்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். என் மனைவி மேடைக்குக் கீழே சீப்பும் கைக்குட்டையுமாக நின்றிருந்தாள். விளக்கு எரிந்த நிமிஷத்தில் அவள் தோள் இறங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

யாரும் அவளைத் திட்டவில்லை. இந்தப் பக்கத்தில் திட்டமாட்டார்கள். பெண்ணின் அம்மா எங்கள் இரண்டு பேரையும் பந்தியில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்று, இன்னொரு கரண்டி வையுங்க என்று பரிமாறச் சொன்னார். பேசிய தொகையை வெற்றிலைபாக்கோடு கையில் வைத்துவிட்டு, "நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சு அவ்வளவு தூரம் வாரது உங்களுக்குச் சிரமமுங்க அம்மணி. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க," என்றார். அவள் சரிங்க என்றாள். எங்களை வண்டி வைத்து வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இனி ஆர்.எஸ்.புரம் இல்லை, ரூம் இல்லை. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் காலை அவள் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு தனியாக டவுன்ஹால் போனாள். பவுடர் கெட்டுப்போனது என்று நினைத்திருக்கிறாள். பதினோரு மணிக்குத் திரும்பி வந்தபோது நடையே வேறு மாதிரி இருந்தது. அடுக்களையில் மஞ்சள் கிழங்கு ஒன்றை எடுத்து உரசினாள். ஸ்டூலை வாசற்படிக்கு இழுத்தாள்.

"உக்காருங்க மாமா."

முகூர்த்தத்துக்காக நான் அன்றைக்கும் லீவு சொல்லியிருந்தேன். அன்று கரண்டு போகவில்லை. சுவருக்குப் பின்னால் அத்தனை தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. டம்ளர்கள் ஆடின. அவள் கை ஆடவில்லை. வலது இமையில் மட்டும் மஞ்சளைப் பூசிக் காயவைத்துத் துடைத்தாள். பிறகு இரண்டிலும் அதே நீலத்தை ஒற்றினாள். இரண்டடி பின்னால் போனாள். திறக்கச் சொல்லிவிட்டு என் முகத்துக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்தாள். இடது கண் நீலம். வலது கண் பச்சை.

"பாத்தீங்களா? மஞ்சதான். பொண்ணுக்கு முன்னாடி என்ன பூசியிருந்தாங்கன்னு கேட்டாரு. அண்ணன் ஒரே நிமிசத்துல கண்டுபுடிச்சுப்போட்டாருங்க மாமா." அவள் முகத்தில் நேற்றைய அவமானம் ஒன்றுகூட மீதி இல்லை. முதலில் வெள்ளை கிரீம் வைத்து மஞ்சளை மறைத்துவிட்டு அதன்மேல் நிறம் வைக்க வேண்டும், அண்ணனும் அதைத்தான் சொல்கிறார், அந்த வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வரலாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரே நிமிஷம் என்று சொன்னதுதான்.

"அவரு இன்னைக்குத்தான கண்டுபுடிச்சாரு. நான் நேத்து மத்தியானமே கண்டுபுடிச்சுட்டேன்," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"மத்தியானம்னா எப்ப?"

"அந்தப் புள்ள உள்ள போறப்ப. ஈரோட்டுல லுங்கி அப்படித்தான் ஆச்சு."

"நான் பவுடர் வெக்கறதுக்கு முன்னாடியே."

ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அப்போதுகூட, அவரைவிட நான் முந்திக்கொண்டேன் என்பதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அவள் அழவில்லை. குச்சிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். கண்ணாடியைத் துணியில் சுற்றினாள். பெட்டியின் கொக்கியை மாட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இனி எம்முன்னால உக்காராதீங்க. நான் வேற மூஞ்சி பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். போ என்று சொல்லவில்லை. நான்தான் பையை எடுத்தேன். மஞ்சளுக்கு மேல் நிறம் நிற்கவைக்கும் வழியை அவள் பின்னால் நன்றாகவே கண்டுபிடித்தாள் என்று கேள்விப்பட்டேன். அது அவளுடைய கதை, அதில் எனக்குப் பங்கில்லை.

டீக்கடையை விட்டு நடந்து பல்லடம் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே கோழித்தீவன லாரி ஒன்றில் டிரைவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. எங்கே போகணும் என்று கேட்டார். நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். நாமக்கல் என்றார். வழியில் திருச்செங்கோட்டில் இறக்கிவிடச் சொன்னேன். அங்கே எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. போர்வெல் தோண்டுகிற லாரிகள் அந்த ஊரிலிருந்து வடக்கே போகும், ஆள் எடுப்பார்கள் என்று மட்டும் தெரியும். பஸ் ஸ்டாண்டில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

காலையில் ரோட்டோரமாக இருந்த முதல் போர்வெல் ஆபீசில் நுழைந்தேன். மேனேஜர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி மத்தியானம் கிளம்புகிறது, மத்தியப் பிரதேசம், மழைக்காலம் வரும்வரை ஊர் திரும்ப முடியாது, முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். என் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"ஊட்ல யாருங்க இருக்கறாங்க?"

"சம்சாரம் ஒருத்திங்க."

"எட்டு மாசம் தனியா இருந்துக்குவாங்களா?"

"இருந்துக்குவாங்க. அவளுக்கு நல்லா வேலை தெரியுமுங்க," என்றேன்.

அப்படி நான் அவளைப் பற்றி வேறொருவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. மேனேஜர் தலையாட்டிவிட்டு நோட்டில் பெயர் எழுதிக்கொண்டார். பின்பக்கம் போகச் சொன்னார். அங்கே லாரியின்மேல் ஏற்றுவதற்காக இரும்பு ராடுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் முனையிலுள்ள திருகு மரையையும் டீசலால் கழுவி, துணியால் துடைத்து, கிரீஸ் தடவ வேண்டும். ஒரு வாளியும் பழந்துணியும் கொடுத்தார்கள். முதல் ராடின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.